பதினெட்டாம் நம்பர் கேப்டன்

நாட்டில் உள்ள பெரிய விமான கம்பெனிகள் அத்தனையிலும் வேலை கிடைத்து, பதினோரு வருஷமாக ஒன்றிலும் போய்ச் சேராத ஒரே மனிதர் தராசுதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். தொம்மலூர் பழைய ஊர்ப் பகுதியில், அண்ணன் வீட்டு மாடியில் அவர் குடியிருந்தார். அங்கே பீரோவின் மேல்தட்டில் துணிமணி இருக்காது. பெரிய பெரிய கம்பெனிகள் அனுப்பிய ஆஃபர் லெட்டர்கள்தான் உறை கலையாமல் அடுக்கி இருக்கும்.

நானும் அவரும் பெங்களூரில் ஒரு சின்ன விமான கம்பெனியில் கேப்டன்கள். இரண்டு புரொப்பெல்லர் சுற்றுகிற, எழுபது பேர் உட்காரும் விமானம். காலையில் ஹூப்ளி, மைசூர், சேலம், கொச்சி என்று போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிடுவோம். ஜெட் ஓட்டுகிறவர்கள் எங்கள் விமானத்தை டவுன் பஸ் என்பார்கள். நாங்களும் கோபப்பட்டதில்லை, பாதி உண்மைதானே.

சின்ன கம்பெனி பைலட் யாரைக் கேட்டாலும் மனசில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனிக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா? போனால் பெரிய விமானம், பெரிய சம்பளம். ஆனால் எங்கள் தொழிலில் எல்லாம் சீனியாரிட்டி நம்பர்தான். எந்த ஊரில் இருப்பது, எந்தப் பண்டிகைக்கு லீவு என்பதையெல்லாம் அந்த நம்பர்தான் தீர்மானிக்கும். கம்பெனி மாறினால், தலை நரைத்த கேப்டனாக இருந்தாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். சரி, இங்கேயே இருந்தால்? சின்ன கம்பெனியை எப்போது மூடுவார்கள் என்று அதன் முதலாளிக்கே தெரியாது.

நானும் தராசும் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் சேர்ந்தால் வயதில் மூத்தவருக்கு முந்தைய நம்பர் என்பது கம்பெனி விதி. அவர் என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவர். அதனால் பட்டியலில் எப்போதும் அவர் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர். எங்களுக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிக்குப் போகப் போக, ரேஷன் கடை வரிசை மாதிரி நாங்களும் முன்னே நகர்ந்து, அவர் பதினெட்டு, நான் பத்தொன்பது என்று வந்து நின்றோம்.

"பதினோரு நாள் பெரியவன் நான். மரியாதையா 'நீங்க'ன்னு கூப்பிடு மச்சா" என்று முதல் வாரமே சட்டம் போட்டார். விளையாட்டாக ஆரம்பித்தேன், நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு விமானத்துக்கு ஒரு கேப்டன்தான் என்பதால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. எங்கள் சிநேகம் முழுக்கத் தரையில்தான்.

தராசு என்ற பெயருக்குக் காரணம் காபி. தொம்மலூரில் பட்டரு நடத்தும் தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே பை-டூ குடிப்போம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவதுதான் பை-டூ. பட்டரு ஊற்றியதும் தராசு குனிந்து, கண்ணை டம்ளர் விளிம்புக்கு நேராக வைத்து, இதிலிருந்து அதிலே சொட்டு, அதிலிருந்து இதிலே சொட்டு என்று மட்டம் பார்ப்பார். அதற்குள் காபி ஆறிவிடும். எங்கள் வேன் டிரைவர், ஒக்கலிபுரம் ராஜா, ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "சார் தராசு கணக்கா புடிக்கிறாரு" என்றான். அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று.

கல்யாணத்தையும் அவர் இப்படித்தான் மட்டம் பார்த்தார். ஒரு பெண்ணை எல்லாருக்கும் பிடித்துப்போய், வீட்டில் தட்டு மாற்ற நாள் பார்த்தார்கள். இவர் சாதகம் இது, பாதகம் இது என்று எழுத ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

ஆனால் வானத்தில் அவர் வேறு ஆள். மேகம் கவிந்திருக்கும்போது தரையிறங்க வந்தால், ஒரு குறிப்பிட்ட உயரம் வரை கருவிகளைப் பார்த்து இறங்கலாம். அதை மினிமம்ஸ் என்போம். அந்த உயரத்தில் தலையைத் தூக்கி வெளியே பார்க்க வேண்டும். ரன்வே தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். அவரோடு ஹூப்ளி மழையில் பறந்த கோ-பைலட் ஒருத்தி சொன்னாள்: "சார் தலையத் தூக்கினாரு. நான் மூச்சு விடறதுக்குள்ள மேல ஏத்திட்டாரு. ரெண்டாவது தடவை தலையத் தூக்கினாரு, இறக்கிட்டாரு. நடுவுல ஒரு வார்த்த பேசல." இந்த மனிதருக்குத்தான் ஒரு கம்பெனியில் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பதினோரு வருஷம் போதவில்லை.

அதற்காக அவர் ஒரு புத்தகம் வைத்திருந்தார். பைலட் ஒவ்வொருவரும் பறந்ததை எழுதி வைக்க லாக் புத்தகம் உண்டு. தேதி, எங்கிருந்து, எங்கே, குறிப்பு, கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. தராசு ஒரு புது லாக் புத்தகம் வாங்கி, அதில் ஊராரின் யோசனைகளை எழுதினார். 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் யோசனை சொன்னவர் பெயர். 'எங்கே' என்பதில் போ அல்லது இரு. 'குறிப்பு' என்பதில், அப்படிச் சொன்னதால் சொன்னவருக்கு என்ன கிடைக்கும் என்பது. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி வைத்து, சொன்னவரையே படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

அண்ணன்: போ. குறிப்பு: மாடி காலியானால் மகனுக்குத் தனி அறை. தர்ஷினி பட்டரு: இரு. குறிப்பு: தினமும் நான்கு காபி. ட்யூட்டி ரோஸ்டர் போடும் சுமித்ரா மேடம்: இரு. குறிப்பு: லீவு கேட்காத ஒரே கேப்டன். வேன் டிரைவர் ராஜா: போ. குறிப்பு: தொம்மலூர் சந்துக்குள் வண்டியைத் திருப்ப வேண்டாம்.

ராஜா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இன்னா சார், இப்படியா எழுதுவீங்க?"

"பொய்யா?"

"பொய் இல்ல சார். ஆனா எழுதறதுக்கா சொன்னேன்?"

"கையெழுத்து போடு" என்றார் தராசு. போட்டான்.

இன்டர்வியூக்களுக்கும் அந்தப் புத்தகம் போகும். ஒரு பெரிய கம்பெனியில் மூன்று பேர் உட்கார்ந்து, "எங்கள் கம்பெனியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இன்னும் முடிவு பண்ணல சார். நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்று நடுவில் இருந்த மூத்த கேப்டனைத் திருப்பிக் கேட்டிருக்கிறார் இவர். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் தன் குறைகளைச் சொன்னாராம். கடைசியில், "வராதப்பா" என்று சொல்லி, புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, ஆஃபர் லெட்டருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டே மாதத்தில் அவரே அந்தக் கம்பெனியை விட்டுப் போனதாகக் கேள்வி.

புத்தகத்தில் 'போ', 'இரு' என்ற இரண்டும் எப்போதும் சரிசமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒன்று கூடிவிட்டால், மறுபக்கம் சொல்ல ஆள் தேடி அலைவார். ஆஃபர் லெட்டரில் பதில் சொல்லக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டிய மறுநாள் நிம்மதியாக உறையை பீரோவில் வைப்பார்.

என்னை மட்டும் அவர் கேட்டதே இல்லை. ஒரு நாள் நானே வருத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"உன்கிட்ட எப்படி மச்சா கேக்கறது? நீ எனக்கு அடுத்தாப்புல நிக்கறவன். நான் போனா நீ ஏறுவே. உன் குறிப்பு என்னன்னு எனக்கே தெரியும், எழுதி என்ன பிரயோஜனம்?"

நியாயமாகத்தான் இருந்தது. உண்மையில் நான் அந்த நம்பரைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. போவதா இருப்பதா என்பதும் எனக்குக் கேள்வியாக இருந்ததில்லை. காரணம் என் மகள் மெர்சி. ஏழு வயது. பேச்சு வரத் தாமதமான குழந்தை. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளி. அங்கே இருக்கும் டீச்சர் ஒருத்தியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே மெர்சிக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் வரும்வரை எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வந்தால்தான் சாப்பாடு. ஒரு நாள் நான் வரவில்லை என்றால் மறுநாள் முழுக்க யாரையும் பார்க்க மாட்டாள்.

தராசு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஒரு தடவை மெர்சி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, "அம்மாடி, மாமா போகவா, இருக்கவா?" என்று கேட்டார். அவள் அவருடைய பேனாவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பஸ்" என்றாள். அப்போது அவளுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. தராசு அப்படியே எழுதினார். மெர்சி: பஸ். குறிப்பு: ஒன்றும் இல்லை. அவள் விரலைப் பிடித்து ஒரு கோடும் போட வைத்தார். "இத எந்தப் பக்கம் சேக்கறதுன்னு தெரியலயே" என்று சாப்பிட்டு முடிக்கும் வரை கவலைப்பட்டார். என் மனைவி ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து ரசத்தைக் கொட்டிவிட்டாள்.

போன வருஷம் கம்பெனி பாதி விமானங்களைத் திருப்பிக் கொடுத்தது. பெங்களூரில் இனி பதினெட்டு கேப்டன்கள் போதும், மற்றவர்கள் குவாஹாட்டிக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆபீஸ் சுவரில் சீனியாரிட்டி பட்டியலை ஒட்டி, ஸ்கேல் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர் தராசு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் நான்.

பதினோரு நாள்! அவர் அம்மா இன்னும் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பெற்றிருக்கக் கூடாதா என்று அந்தப் புண்ணியவதியைக்கூட மனசுக்குள் திட்டினேன். குவாஹாட்டியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மெர்சியைக் கூட்டிக்கொண்டு போனால் அவளுக்கு அந்த டீச்சர் இல்லை. விட்டுவிட்டுப் போனால் ஆறரை மணிக்கு நான் இல்லை. வேறு கம்பெனிக்கு மாறினாலும் கடைசி நம்பர்தான், எந்த ஊர் என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

அதே சமயம் தராசின் சட்டைப் பையில் ஒரு புது ஆஃபர் லெட்டர் இருந்தது. பெரிய கம்பெனி, ஜெட், தில்லியில் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ராஜினாமா கொடுத்தவரின் பெயரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள். எனக்கு வேண்டியதும் ஒரு படிதான்.

"அவர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள் ஸ்டெல்லா.

"என்னன்னு கேக்கறது?"

"பதினோரு வருஷமா போறேன் போறேன்னுதானே இருக்காரு. இந்தத் தடவ போகச் சொல்லுங்க. தனி ஆள்தானே?"

தனி ஆள் என்றால் அவருக்கு ஊர் கிடையாதா என்று எரிந்து விழுந்தேன். அவள் மெர்சியின் பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அப்படிக் கேக்கப் பிடிக்கலங்க. ஆனா இவளுக்கு யாரு கேப்பா?"

வியாழக்கிழமை காலை எங்கள் இருவருக்கும் ட்யூட்டி இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தொம்மலூருக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். போங்க. நல்ல சான்ஸ். இந்த வயசுல விட்டா அப்புறம் கிடைக்காது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "ஏனாய்த்து சார்?" என்றுகூடக் கேட்டார்.

தர்ஷினியில் தராசு எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். பட்டரு அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஹோக்பேடி சார். தில்லி ரொம்ப சளி, குளிரு சார் அங்க. இங்கயே இருங்க, ஆராமா." பை-டூ வந்தது. தராசு வழக்கம்போலக் குனிந்து மட்டம் பார்த்தார். சொட்டு அங்கே, சொட்டு இங்கே. அப்புறம் நிமிர்ந்து, எனக்கு ஒரு டம்ளரை நகர்த்திவிட்டு, "தில்லில பை-டூ குடுப்பாங்களா மச்சா?" என்றார்.

சும்மாதான் கேட்டார். நான்தான் டம்ளரை எடுக்காமல் நின்றேன். புத்தகத்தை எடுத்துக் கல்மேடையின் மேல் வைத்தார்.

"சொல்லு. போகவா, இருக்கவா?"

"என்கிட்ட கேக்க மாட்டேன்னீங்களே."

"ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. நாளைக்குக் கடைசி நாள். கேக்கறதுக்கு வேற ஆள் மிச்சமில்ல."

ஒத்திகை பார்த்த அத்தனை வார்த்தையும் வாய்வரை வந்தது. எதிரே அந்த ஆள் தன் ஊரில், தன் காபியோடு, காலில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயதில் இவரை நான் எங்கே துரத்துவது?

"இருங்க" என்றேன்.

குனிந்து எழுதினார். புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். எங்கிருந்து என்ற கட்டத்தில் என் பெயர். எங்கே: இரு. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். குவாஹாட்டி.

"கையெழுத்து போடு."

போட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே" என்றார்.

"மேஜை ஆடுது" என்றேன். அது கல்மேடை.

மறுநாள் சேலத்திலிருந்து திரும்பி ஆபீசுக்குள் நுழைந்தபோது, சுமித்ரா மேடம் சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்துக்கொண்டிருந்தார். புதுத்தாளில் அதே இடத்தில் அதே சிவப்புக் கோடு. அதற்கு மேலே கடைசிப் பெயர் என்னுடையது. தராசின் பெயர் எங்கேயும் இல்லை. சுமித்ரா மேடம், "லெட்டர் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஏன்னு கேட்டேன், அங்க பெரிய விமானம்னாரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. லீவு கேட்காத ஒரே கேப்டன் இல்லையா.

தராசுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை வேனில்தான் பிடித்தேன். வேனில் சீனியாரிட்டிப்படி ஏற வேண்டும் என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம். அன்று கோ-பைலட்டுகள் எல்லாரும் ஏறும்வரை அவர் கீழேயே நின்றார். "நமக்கு இப்ப நம்பர் கிடையாது" என்று சொல்லிக் கடைசியாக ஏறினார். நோட்டீஸ் காலம் முடிந்து கிளம்பும்வரை தினமும் அப்படித்தான் ஏறினார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபம் தாங்கவில்லை. "நான் இருங்கன்னுதானே சொன்னேன்? உங்க புத்தகப்படி 'இரு'ங்கற பக்கம் ஒண்ணு கூட இருக்கு. நீங்க இருக்கணும்."

"புத்தகம் இருன்னுதான் சொல்லுது."

"அப்புறம்?"

"மினிமம்ஸ் வரைக்கும்தான் மச்சா புத்தகம், கருவி எல்லாம். அதுக்கப்புறம் தலையத் தூக்கி வெளிய பாக்கணுமில்ல? பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"லிங்கராஜபுரத்துல ஒரு கேட் தெரிஞ்சுது."

ராஜா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விமான நிலையம் வரும்வரை திரும்பவில்லை. நன்றி என்ற வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. சொன்னால் குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதுவாரோ என்று பயம்.

இப்போது அவர் தில்லியில் ஜெட் ஓட்டுகிறார். அங்கே அவர் நம்பர் நாலு இலக்கம். அவருக்கு முன்னால் சேர்ந்த இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் வேனில் அவருக்கு முன்னால் ஏறுகிறார்களாம். "அவனுங்கள 'நீங்க'ன்னுதான் கூப்பிடறேன் மச்சா. ரூல்னா ரூல்தான்" என்றார் போனில். பை-டூ கிடைக்கிறதா என்று கேட்டேன். ஒரு டீயை வாங்கித் தானே இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். மட்டம் பார்த்துவிட்டு இரண்டையும் அவரே குடிக்கிறார்.

மெர்சிக்கு இப்போது நாற்பது வார்த்தைக்கு மேல் தெரியும். ஆறரை மணிக்கு கேட்டில் நிற்கிறாள், நானும் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு எதிரே பதினெட்டு என்றுதான் இருக்கிறது. ஆனால் யாராவது என் நம்பரைக் கேட்டால் இன்றைக்கும் பத்தொன்பது என்றுதான் சொல்கிறேன். பதினெட்டு அவருடையது.